ஒயின் அறையும் தாத்தாவின் உப்பும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இதுவரை ஒரு சொட்டு ஒயின் குடித்ததில்லை (வீட்டில் யாராவது இதைப் படித்தால், சத்தியமாக!). ஆனால் ஒயின் பாட்டிலை எத்தனை டிகிரியில், எவ்வளவு ஈரக் காற்றில், எப்படிப் படுக்க வைக்க வேண்டும் என்று கேட்டால் அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவேன். அதற்குக் காரணம் ஒயின் இல்லை, ஏலக்காய். போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு 12-க்கு 15 அடி அறை.

போடி தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிற ஊர். ஊரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம், ஏலமலை. ஏலக்காய் பெரும்பாலும் விளைவது அங்கே, கைமாறுவது இங்கே. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிற இரண்டு இடங்களில் ஒன்று மலைக்கு மேலே புத்தடி, இன்னொன்று எங்கள் போடி. விடிகாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலே போகும், மூட்டைகள் கீழே வரும். எங்கள் ஊர்க் காற்றிலேயே ஏலக்காய் வாசம் உண்டு என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அது தெரியாது, பழகிவிட்டது.

தாத்தாவுக்குப் பூப்பாறைப் பக்கம் கொஞ்சம் தோட்டம். பெரிய எஸ்டேட் எல்லாம் இல்லை. பறித்த பச்சைக்காயைப் பக்கத்திலிருக்கும் ஸ்டோரில் கூலிக்கு உலர்த்தி, மூட்டையாகக் கீழே கொண்டுவந்து அந்தப் பின்னறையில் அடுக்குவார். ஸ்டோர் என்றால் கடை இல்லை மக்களே, ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்துக்குத்தான் மலையில் அந்தப் பெயர். பச்சைக்காயைக் கழுவி, தட்டுகளில் பரப்பி, 50 டிகிரிச் சூட்டை ஒட்டி ஒரு நாள் வரைக்கும் உலர்த்துவார்கள். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும், காய் வெடிக்கும். குறைந்தால் காய் அவிந்துவிடும். சுமாராக 5 கிலோ பச்சைக்காய்க்கு 1 கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். முடிவில் காய்க்குள் 10 சதவீதம் ஈரம்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பச்சை நிறம்தான் காசு. காயின் பருமன், எடை, வாசம் எல்லாவற்றுக்கும் விலை உண்டு என்றாலும் ஏலத்தில் சாம்பிளைக் கையில் கொட்டிப் பார்க்கும் வியாபாரியின் கண்ணுக்கு முதலில் தெரிவது நிறம்தான். அதைக் கெடுக்கிறவர்கள் மூன்று பேர்: வெளிச்சம், சூடு, ஈரம். அதனால்தான் கறுப்பு பாலிதீன் உள்ளே போட்ட சாக்கில் கட்டி வைக்கிறார்கள்.

அப்படியானால் உலர்த்தியதும் விற்றுவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். தாத்தாவின் பதில், "2019 ஆகஸ்டுல புத்தடியில கிலோ 7,000 ரூவாய்க்குப் போச்சு. ரெண்டு வருசத்துல 1,000-த்துக்கும் கீழ வந்துச்சு. இதுல எந்த நாள் நல்ல நாள்னு உனக்குத் தெரியுமா? தெரிஞ்சாச் சொல்லு, அன்னைக்கு வித்துருவோம்." தெரியாது. யாருக்கும் தெரியாது. சிறு விவசாயி கையில் இருக்கும் ஒரே பலம் காத்திருப்பது. காத்திருக்க வேண்டுமானால் சரக்கு கெடாமல் இருக்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது கெட்டது. அக்டோபரில் அடுக்கிய 600 கிலோ. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை மாதம் மூட்டையைப் பிரித்தால் காய் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்திருந்தது. சுவர் ஓரம் இருந்த இரண்டு மூட்டையில் லேசான பூசண வாடை. ஏலத்தில் கிலோவுக்கு 200 ரூபாய் குறைத்துத்தான் போனது. 600-ஐ 200-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். அது என்னுடைய கல்லூரிக் கட்டணம். யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

சித்தப்பாதான் ஆரம்பித்தார். "நீ மெக்கானிக்கல்தானடா படிக்கிற. அந்த ரூமுக்கு ஏதாச்சும் மிஷின் போடலாமான்னு பாரு." குளிரூட்டல் பாடத்தில் நான் வாங்கிய மார்க் அவருக்குத் தெரியாது, அதனால் கேட்டுவிட்டார் :-)

தேட ஆரம்பித்தேன். ஒரு சின்ன அறையின் சூட்டையும் ஈரத்தையும் மாதக்கணக்கில் ஒரே நிலையில் வைத்திருப்பது எப்படி என்று தேடினால், நுணுக்கமாக எழுதி வைத்திருப்பவர்கள் ஒயின் சேகரிப்பவர்கள்தான். ஏலக்காய்க்காரர்களுக்கு எழுத நேரமில்லை போல.

ஒயின்காரர்களின் கணக்கு இது. சூடு 12, 13 டிகிரி. காற்றின் ஈரப்பதம் 60-லிருந்து 70 சதவீதம். இருட்டு. அதிர்வு கூடாது. ஈரம் குறைந்தால் பாட்டிலின் தக்கை காய்ந்து சுருங்கிக் காற்று உள்ளே போகும், ஒயின் புளிக்கும். கூடினால் லேபிளில் பூசணம் வரும். பிரான்சில் ரீம்ஸ் நகரத்தில் பழைய சுண்ணக்கல் சுரங்கங்களுக்குள்தான் ஷாம்பெயின் பாட்டில்களை அடுக்கி வைக்கிறார்கள். பூமிக்குக் கீழே வருஷம் முழுக்க 10, 12 டிகிரி. மிஷினே வேண்டாம். அந்தக் கொடுப்பினை இல்லாதவர்கள்தான் அறையைச் சுற்றித் தெர்மோகோல் மாதிரி இன்சுலேஷன் கொடுத்து, ஈரம் நுழையாத தாள் ஒட்டி, அதற்கென்றே செய்த குளிரூட்டியை மாட்டுகிறார்கள். (எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைதான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. ஆனால் அந்தத் திராட்சையைப் பெரும்பாலும் நாம் அப்படியே தின்றுவிடுகிறோம்!)

இதைப் படித்ததும் எனக்கு ஒரே உற்சாகம். நமக்கும் அதேதான் வேண்டும், ஏசி மாட்டிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். விசாரித்த கடையிலும் அதையேதான் சொன்னார்கள். "ஒன்றரை டன் போடுங்க சார், ரூம் கல்லு மாதிரி இருக்கும்." நல்ல வேளை, வாங்குவதற்கு முன்னால் சித்தப்பாவின் நண்பரிடம் சும்மா கிடந்த பழைய ஏசியை மாட்டி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம். கார்த்திகை மழை. வெளியிலேயே 24 டிகிரி. ஏசி கொஞ்ச நேரம் ஓடி 22-க்கு வந்ததும் கம்ப்ரஸர் நின்றுவிடும். ஈரமானியில் 78. மறுநாள் 80. அறை சில்லென்று இருந்தது, சாக்கைத் தொட்டால் பிசுபிசுத்தது.

ஏன் என்று யோசித்தபோதுதான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பாடம் முதல் தடவையாகப் புரிந்தது. ஏசி சூட்டைப் பார்த்து ஓடுகிற மிஷின். ஈரத்தை எடுப்பது அதன் உபதொழில். கம்ப்ரஸர் ஓடும்போது அதன் குளிர்ந்த காயிலில் காற்று பட்டு நீர் வடியும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் சூடே இல்லாதபோது அது எதற்கு ஓடும்? அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏசியாக இருந்தால் இன்னும் மோசம். சீக்கிரம் குளிர வைத்துவிட்டுச் சீக்கிரம் நின்றுவிடும். அதோடு காற்றைக் குளிர வைத்தால் அதில் இருக்கிற அதே நீராவிக்கு ஈரப்பத சதவீதம் ஏறத்தான் செய்யும். இன்னொரு ஆபத்தும் உண்டு. குளிர்ந்த மூட்டையை வெளியே கொண்டுவந்து ஈரக் காற்றில் பிரித்தால், ஐஸ் தண்ணீர்ச் செம்பு வியர்ப்பது மாதிரி காய் வியர்க்கும்.

ஒயினுக்குக் குளிர்ச்சி முக்கியம், கொஞ்சம் ஈரமும் வேண்டும். ஏலக்காய்க்கு வறட்சி முக்கியம், குளிர்ச்சி கிடைத்தால் லாபம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூசணத்துக்குப் பயப்பட வேண்டாம். 55-லிருந்து 60 வைத்துக்கொண்டால் நிம்மதி. ஆக எங்களுக்கு வேண்டியது ஏசி இல்லை, டீஹியூமிடிஃபையர். தாத்தா வைத்த பெயர் 'தண்ணி மிஷின்'. அதுவும் ஏசியின் தம்பிதான். காற்றைக் குளிர்ந்த காயில் வழியாக இழுத்து நீரை வடித்து, அதே காற்றைச் சூடான காயில் வழியாக அறைக்குள்ளேயே திருப்பி விடும். அதனால் அறை இரண்டு மூன்று டிகிரி சூடாகும். மழைக்காலத்தில் அது பெரிய குறை இல்லை.

எவ்வளவு பெரியது வாங்குவது? இங்கேதான் கணக்கு எனக்கு ஒரு பாடம் சொன்னது. அறை 12-க்கு 15, உயரம் 10 அடி. சுமார் 51 கன மீட்டர். 25 டிகிரியில், 85 சதவீத ஈரத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 19.6 கிராம் நீராவி இருக்கும். 60 சதவீதத்தில் 13.8 கிராம். வித்தியாசம் 5.8 கிராம். 51-ஆல் பெருக்கினால் 300 கிராம் கூட வரவில்லை. ஒரு பெரிய டம்ளர் தண்ணீர்! இதற்கா மிஷின் என்று தோன்றியது. ஆனால் கதவிடுக்கு, ஓட்டு இடுக்கு, ஜன்னல் வழியாக மணிக்கு ஒரு தடவை அறைக் காற்று முழுக்க மாறுகிறது என்று வைத்துக்கொண்டால்? ஒரு நாளைக்கு 7 லிட்டர். அதாவது நாம் சண்டை போடுவது அறைக்குள் இருக்கும் காற்றோடு இல்லை, இடுக்கு வழியாக வருகிற காற்றோடு.

அதனால் மிஷினுக்கு முன்னால் செலவு செய்தது இடுக்கை அடைக்க. கதவுக்கு ரப்பர் பட்டை. ஓட்டுக்குக் கீழே கனமான பாலிதீன் விரிப்பு கட்டி ஓரங்களில் டேப். தரையிலிருந்து ஈரம் ஏறாமல் மரச் சட்டம் போட்டு அதன் மேல் மூட்டை. சுவரிலிருந்து ஓரடி தள்ளி. இதெல்லாம் ஒயின்காரர்களிடம் திருடிய யோசனைகள்தான்.

பிறகுதான் மிஷின். நாளைக்கு 20 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருந்த ரகம். அந்த 20 லிட்டர் 30 டிகிரியும் 80 சதவீத ஈரமும் இருந்தால்தான். நாம் வைக்கப்போகிற 25 டிகிரி, 60 சதவீதத்தில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. வாங்குகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். தொட்டி நிறைந்தால் மிஷின் நின்றுவிடும், அதனால் குழாய் மாட்டி வெளியே விடும் வசதி வேண்டும். முதல் நாள் குழாய் மாட்டாமல் வாளி வைத்தோம். மறுநாள் காலையில் தாத்தா வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணியும் காத்துலயாடா இருந்துச்சு?" என்றார். என் படிப்பின் மேல் அவருக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஆனால் ஒரு சண்டை பாக்கி இருந்தது. ஜன்னல். தாத்தா தினமும் ஜன்னலைத் திறப்பார். "காத்தோட்டம் இல்லாட்டி சரக்கு அவிஞ்சு போகும்டா." நான் மூடுவேன். அவர் திறப்பார். மூன்றாம் நாள் கோபத்தில், "தாத்தா, வெளிக் காத்துல ஈரம் 85 இருக்கு, தெறந்தா மிஷினுக்குத்தான் கேடு" என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அறை மூலையிலிருந்து ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துவந்து காட்டினார். உள்ளே கல் உப்பு. காய்ந்து பொலபொலவென்று இருந்தது.

"உப்பு வேர்த்துருந்தா நான் எப்பத் தெறந்துருக்கேன்?"

எத்தனையோ வருஷமாக அந்தக் கொட்டாங்குச்சி அங்கே இருக்கிறது. எலிக்கோ திருஷ்டிக்கோ என்று நினைத்திருந்தேன். வாசலில் இன்னொன்று. வாசல் உப்பு வியர்த்திருந்தால் ஜன்னலைத் திறக்க மாட்டார், மூட்டையைப் பிரிக்க மாட்டார். காய்ந்திருந்தால் திறப்பார். அன்றைக்கு மழை விட்டு வெயில் அடித்திருந்தது. வெளியே ஈரம் நிஜமாகவே குறைந்திருந்தது. நான் சொன்ன 85 காலையில் பார்த்தது.

இதில் எனக்கு உறைத்த விஷயம் வேறு. மலிவான ஈரமானி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க ஒயின்காரர்களும் சுருட்டுக்காரர்களும் செய்கிற வேலையும் உப்புதான். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகிற அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு ஒரு டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி ஒரு ராத்திரி வைக்க வேண்டும். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் போய் நிற்கும். அது உப்பின் குணம், ஊருக்கு ஊர் மாறாது. காற்றில் ஈரம் 75-ஐத் தாண்டினால் உப்பு நீரை இழுத்து வியர்க்கும், கீழே இறங்கினால் காயும். தாத்தாவின் கொட்டாங்குச்சி ஒரே ஒரு கோடு மட்டும் போட்ட ஈரமானி. கல் உப்பில் மற்ற உப்புகளும் கலந்திருப்பதால் அது கொஞ்சம் முன்னாலேயே வியர்க்கும். எச்சரிக்கை என்ற வகையில் அது இன்னும் நல்லது.

அன்றைக்கு ராத்திரி என் ஈரமானியைச் சோதித்தேன். காலையில் 66 காட்டியது. 75 காட்ட வேண்டியது! ஒன்பது குறைவு. நான் 58 என்று நம்பி நிம்மதியாக இருந்த அறை உண்மையில் 67. போன வாரம் ஏசி அறையில் பார்த்த 78, 80 எல்லாம் இன்னும் மேலே. தாத்தாவிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்காதீர்கள். மிஷினில் அளவைக் குறைத்து வைத்தேன், கொட்டாங்குச்சியை அதே மூலையில் திருப்பி வைத்தேன்.

அந்த உப்புதான் அப்புறம் காப்பாற்றவும் செய்தது. நான் மதுரைக்குக் கிளம்பி வந்துவிட்டேன். டிசம்பரில் ஒரு நாள் மழையில் கரண்ட் போய் ஆறு மணி நேரம் கழித்து வந்திருக்கிறது. மிஷின் தானாக ஓட ஆரம்பிக்கவில்லை. பட்டனை மறுபடி அழுத்தினால்தான் ஓடும் ரகம் அது. வாங்கும்போது லிட்டர் பார்த்தேன், வாட் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை. விளக்கு மட்டும் எரிந்ததால் வீட்டில் எல்லாரும் ஓடுகிறது என்றே நினைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் தாத்தாவிடமிருந்து போன். "உன் மிஷினு என்னமோ சும்மா நிக்கிது போல. உப்பு வேர்த்துருக்கு." பட்டனை அழுத்தச் சொன்னேன். இரண்டு நாளில் உப்பு காய்ந்துவிட்டது என்று தகவல் வந்தது. என் ஈரமானி என்ன காட்டியது என்று கேட்டேன். "அதை யாருடா பாத்தா?" என்றார்.

மாசி மாதம் மூட்டையைப் பிரித்தோம். நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். தாத்தா ஒரு பிடி எடுத்து காதருகே குலுக்கினார், விதைச் சத்தம் கேட்டது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார், காம்பு உதிர்ந்தது. அப்புறம் வெயிலில் நீட்டி நிறம் பார்த்தார். அக்டோபரில் இருந்த பச்சை அப்படியே இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் பச்சைதான். ஏலத்தில் அன்றைய நல்ல சரக்கின் விலை கிடைத்தது, பிடித்தம் இல்லை.

செலவுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். மிஷின் 350 வாட். அடைத்த அறையில் ஒரு நாளைக்குச் சராசரியாக 10 மணி நேரம் ஓடியது. மூன்றரை யூனிட். நான்கு மாதத்துக்கு 420 யூனிட். மிஷின் விலை, ரப்பர், பாலிதீன் எல்லாம் சேர்த்தாலும் முந்தைய வருஷம் இழந்த 1,20,000-இல் பாதி கூட ஆகவில்லை. பங்குனிக்கு அப்புறம் எங்கள் ஊரில் காற்றே காய்ந்துவிடும், மிஷினுக்கு வேலை இல்லை. அப்போது எதிரி சூடு. சித்திரை, வைகாசி வரை சரக்கை வைத்திருப்பதாக இருந்தால் ஏசி வாங்குவதில் அர்த்தம் உண்டு. நாங்கள் அதுவரை வைப்பதில்லை.

யாராவது மசாலாவோ, விதையோ, புத்தகமோ, ஏன், ஒயினோ கூட அறையில் சேர்த்து வைப்பதாக இருந்தால், என் அனுபவத்தில் வரிசை இதுதான். முதலில் அந்தப் பொருளுக்கு எதிரி சூடா ஈரமா என்று கேளுங்கள். அடுத்து இடுக்கை அடையுங்கள். அப்புறம் மிஷின். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடுமா என்று கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிச் சொருகிப் பாருங்கள். ஈரமானியை உப்பில் சோதிக்காமல் நம்பாதீர்கள்.

இந்த வருஷம் தானாக ஓடுகிற மாதிரி ஒரு சின்ன சர்க்யூட் செய்து மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். தாத்தா பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். கொட்டாங்குச்சியில் பழைய உப்பைக் கொட்டிவிட்டுப் புது உப்பு போட்டு வைத்திருக்கிறார்.